அணைத்த பிறகும் மினுங்கிய மின்குமிழ்: கொக்குவில் வீடொன்றில் டிமர் பூட்டிய வேலை

வீடு யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில். 1970களில் கட்டிய ஓட்டு வீடு. 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு திரும்பி வந்தவர்கள் பழைய வயரிங்கில் பாதியை அப்படியே விட்டு, மிச்சத்தைப் புதிதாக இழுத்திருக்கிறார்கள். நடு ஹோலில் பி22 பின் ஹோல்டரில் நான்கு மின்குமிழ்கள், நான்கும் ஒரே சுவிச்சில். படுக்கையில் இருக்கும் வயதான தாயார் இரவில் அந்த ஹோலில்தான் படுக்கிறார். "வெளிச்சம் அம்மாவின்ர கண்ணில அடிக்குது, அதுக்காக முழுசா நூக்கவும் ஏலாது, இரவில எழும்பிப் பார்க்கோணும்" என்பதுதான் வீட்டாரின் தேவை. சுவிச்சைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு டிமரைப் பூட்டினார்கள். ஒன்பதாம் நாள் ஒரு மின்குமிழ் செத்துப்போனது. அதற்குப் பிறகுதான் இந்த ஆய்வு.

டிமரின் கைக்குமிழைத் திருகும்போது கண்டவை இவை. முழு வெளிச்சத்திலிருந்து ஏறக்குறையப் பாதித் தூரம் வரை எந்த மாற்றமும் இல்லை. அதற்குக் கீழே நான்கு மின்குமிழ்களும் ஒன்றோடொன்று ஒத்துவராமல் துடித்தன. இன்னும் குறைத்தால் இரண்டு அணைந்துவிட, மற்ற இரண்டும் எரிந்துகொண்டிருந்தன. டிமர்த் தட்டுக்குப் பக்கத்தில் காதை வைத்தால் வண்டு இரைவதுபோல ஒரு சத்தம். குமிழைக் கடைசிவரை திருப்பி, "டிக்" என்று அணைத்த பிறகும், இருட்டில் மின்குமிழ்கள் மங்கலாக மினுங்கின.

இவற்றில் முதல் நான்கும் டிமரும் மின்குமிழும் ஒன்றுக்கொன்று பொருந்தாததால் வருபவை. கடைசியாகச் சொன்ன மினுங்கல் அப்படியல்ல. அது டிமர் பூட்டுவதற்கு முன்பே அங்கே இருந்தது. விசாரித்தபோது, பழைய சுவிச் இருந்த காலத்திலும் இரவில் கொஞ்சம் மினுங்கும் என்றும், எல்.ஈ.டி என்றால் அப்படித்தான் என்று விட்டுவிட்டதாகவும் சொன்னார்கள். இந்த வேலையில் உண்மையான ஆபத்து அந்த மினுங்கலுக்குள்தான் ஒளிந்திருந்தது.

முதலில் டிமரைப் பார்ப்போம்

கழற்றிப் பார்த்த டிமரின் பின்புறத்தில் 60 முதல் 630 வாற் என்று எழுதியிருந்தது, பக்கத்தில் இழை மின்குமிழின் படம். மின்குமிழ்கள் 9 வாற் எல்.ஈ.டி. நான்கும் சேர்த்து 36 வாற். பெட்டியிலோ மின்குமிழின் கழுத்திலோ டிம் செய்யலாம் என்ற குறிப்பு எதுவும் இல்லை. வேலை தொடங்குவதற்கு முன்னமே தோற்றுவிட்ட கணக்கு இது: சுமை டிமரின் கீழ் எல்லைக்கும் கீழே, மின்குமிழோ டிமரோடு வேலை செய்யவென்று செய்யப்படாதது.

ஏன் கீழ் எல்லை என்று ஒன்று இருக்கிறது? இந்த வகை டிமருக்குள் ட்ரயக் என்ற ஒரு மின்னணுச் சுவிச் இருக்கிறது. எங்கள் மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். அலை செக்கனுக்கு நூறு தடவை பூச்சியத்தைக் கடக்கிறது. ஒவ்வொரு அரை அலையின் தொடக்கத்திலும் ட்ரயக் மின்சாரத்தை விடாமல் மூடிக் கிடக்கும். குமிழோடு சேர்ந்த மின்தடை வழியாக, மின்னேற்றத்தைத் தேக்கும் ஒரு சிறு கொள்ளளவி நிரம்பி, ஏறக்குறைய 32 வோல்ற் ஆனதும் டயக் என்ற துணைப்பாகம் தட்டிவிட, ட்ரயக் திறக்கிறது. குமிழைக் குறைக்கக் குறைக்கக் கொள்ளளவி நிரம்பப் பிந்தும், அலையின் முன்பகுதி கூடுதலாக வெட்டுப்படும். அதனால் இதை முன்விளிம்பு வகை என்போம். கடைப் பெட்டிகளில் லீடிங் எட்ஜ் என்று இருக்கும். திறந்த ட்ரயக் திறந்தபடியே நிற்க வேண்டுமென்றால் அதனூடாக ஒரு குறைந்தபட்ச மின்னோட்டம் போய்க்கொண்டே இருக்க வேண்டும். பாகத்தைப் பொறுத்து அது 10 முதல் 50 மில்லிஅம்பியர் வரை.

இழை மின்குமிழ் வெறும் தடை; அரை அலை முடியும்வரை மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மலிவான எல்.ஈ.டி மின்குமிழின் உள்ளே மின்னோட்டத்தை ஒரே திசையாக்கும் ஒரு டயோட் பாலமும் கொள்ளளவியும் இருக்கின்றன. அது அலையின் உச்சிக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு வாய் இழுத்துவிட்டு நிறுத்திவிடும். நிறுத்தியதும் ட்ரயக் கைவிட்டுவிடும். ஒரு அரை அலையில் பிடிக்கும், அடுத்ததில் பிடிக்காது. கண்ணுக்குத் துடிப்பாகத் தெரிவது இதுதான். மேல்பாதியில் ஒன்றும் மாறாததற்கும் காரணம் இதே: உள்ளே இருக்கும் சீராக்கி, வெட்டுப்பட்ட அலையிலிருந்தும் தனக்கு வேண்டியதை எடுத்து வெளிச்சத்தை அப்படியே வைத்திருக்கப் பார்க்கும், முடியாத கட்டத்தில் விழுந்துவிடும்.

செத்த மின்குமிழின் கதையும் அங்கேதான். ட்ரயக் அலையின் நடுவில் திடீரெனத் திறக்கும்போது கொள்ளளவிக்குள் மின்னோட்டம் குத்தாகப் பாயும், அதுவும் செக்கனுக்கு நூறு தடவை. மின்குமிழின் வாசலில் இருக்கும் சிறிய தடையும் கொள்ளளவியும் அந்த அடியைத் தாங்கவென்று அமைக்கப்பட்டவை அல்ல, சூடேறி முடிந்துபோகும். டிமரின் இரைச்சலும் இதே குத்துகளால் அதன் சுருள் அதிர்வதுதான்.

630 வாற் என்று எழுதியிருந்தால் 630 வாற் எல்.ஈ.டி போடலாம் என்று எடுக்கக் கூடாது. எல்.ஈ.டிக்கென்று தனியே எழுதாத டிமரில் எழுதியிருக்கும் வாற்றின் பத்தில் ஒன்றை மட்டும் எடுப்பது பாதுகாப்பான கணக்கு. மலிவான 9 வாற் எல்.ஈ.டியின் வலுக்காரணி, அதாவது இழுப்பதில் உண்மையில் வேலைக்குப் போகும் பங்கு, 0.5 அளவில் இருக்கும். லைனிலிருந்து அது இழுப்பது 18 வோல்ற்அம்பியர். மேல் எல்லையைக் கணக்கிடும்போது டிமருக்குச் சுமை அந்த 18தான், பெட்டியில் எழுதிய 9 அல்ல.

மினுங்கல் எதைக் காட்டியது

அணைத்த பிறகு எல்.ஈ.டி மினுங்குவதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் உண்டு. எல்லாமே ஆபத்தானவை அல்ல. சுவிச்சுக்குப் போகும் லைன் வயரும் சுவிச்சிலிருந்து திரும்பும் வயரும் ஒரே குழாயில் நீளமாக ஒட்டி ஓடினால், இரண்டும் சேர்ந்து ஒரு சிறு கொள்ளளவிபோல வேலை செய்யும். பத்து மீற்றர் ஓட்டத்தில் ஏறத்தாழ 1 நானோஃபரட் வரலாம். 230 வோல்ற்றில் அதனூடாக 70 மைக்ரோஅம்பியர் கசியும். இழை மின்குமிழ் அதை உணராது, எல்.ஈ.டி உணரும். அப்படியானால் வயரிங் சரி, மினுங்கல் மட்டுமே தொல்லை.

மற்றக் காரணம், சுவிச் மின்சாரம் வரும் லைனை வெட்டாமல், அது திரும்பிப்போகும் நியூட்ரலை வெட்டுவது. அப்போது அணைத்த பிறகும் ஹோல்டர் முழுவதும் உயிரோடுதான் இருக்கும். மின்குமிழ் மாற்ற ஸ்ரூலில் ஏறுபவர் சுவிச் அணைந்திருக்கிறது என்ற நம்பிக்கையோடு 230 வோல்ற்றில் கையை வைப்பார். ட்ரிப் சுவிச் இந்தத் தவறைக் காட்டிக்கொடுக்காது. போகும் மின்னோட்டமும் வரும் மின்னோட்டமும் சமனாக இருக்கும்வரை அதற்கு எல்லாம் சரியே. யாராவது தொட்டு உடம்பினூடாக நிலத்துக்குப் பாய்ந்த பிறகுதான் அது விழும்.

இரண்டில் எது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது, ஆனால் அதில் ஒரு பொறியும் இருக்கிறது. சுவிச்சை அணைத்து, ஹோல்டரின் ஒவ்வொரு பின்னுக்கும் ஏர்த்துக்கும் இடையில் மீற்றரை வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு முன் அந்தச் சுவிச்சில் இருக்கும் நான்கு மின்குமிழ்களையும் கழற்ற வேண்டும். ஒன்றை மட்டும் கழற்றினால், மற்ற மின்குமிழ்களூடாக மின்னழுத்தம் சுற்றி வந்து இரண்டு பின்னிலும் லைன் காட்டும், ஒன்றும் விளங்காது. நான்கையும் கழற்றிப் பார்த்தபோது ஒரு பின்னில் 229 வோல்ற். லைன் சுவிச்சில் வெட்டுப்பட்டிருந்தால் அங்கே ஒன்றும் இருக்கக் கூடாது. டிஜிற்றல் மீற்றர் 40, 60 வோல்ற் என்று வெறும் தூண்டலைக் காட்டுவதுண்டு. சந்தேகமென்றால் ஹோல்டர் வயரோடு ஒரு 15 வாற் இழை மின்குமிழைச் சுமையாகக் கொடுத்துப் பார்த்தால் பொய் வோல்ற் விழுந்துவிடும். 229 விழாது.

சுவிச்சுப் பெட்டியிலும் அதே விடை. மின்குமிழ்கள் கழற்றிய நிலையிலும், சரியான வயரிங்கில், சுவிச்சின் ஒரு முனை ஏர்த்துக்கு 230 வோல்ற் காட்ட வேண்டும். இங்கே ஒரு முனையில் 2 வோல்ற், மற்றதில் எதுவும் இல்லை. சுவிச்சுக்கு இறங்கி வந்தது நியூட்ரல்.

தவறு இருந்தது சுவிச்சுக்கு மேலே, சுவரில் சீமெந்தால் பூசி மூடியிருந்த சந்திப்புப் பெட்டியில். பழைய வயரிங் சிவப்பும் கறுப்பும். திருத்தியபோது இழுத்த துண்டில் இரண்டும் கறுப்பு. எது எது என்று தெரியாமல் மாறி முறுக்கி, ரேப் சுற்றியிருந்தார்கள். பசை காய்ந்து ரேப் தானே கழன்று விழுந்தது. போர்க்காலத்தில் ஆண்டுக்கணக்காகக் கரண்ட் இல்லாமல் கிடந்து, பிறகு கிடைத்த வயரால் ஒட்டுப்போட்ட வீடுகள் குடாநாட்டில் எத்தனையோ. அந்த வீடுகளில் நிறத்தை நம்பி ஒரு வயரையும் தொடக் கூடாது. அளந்த பிறகுதான் எது லைன், எது நியூட்ரல் என்று பேரிட வேண்டும்.

அதே சந்திப்பிலிருந்து பிரிந்த ஓர் அறையிலும் இதே தவறு இருந்தது. குசினியும் விறாந்தையும் சரி. இரண்டு இணைப்பையும் வெட்டி, திருகுக் கனெக்டரில் சரியாகப் போட்டு, லைனாகிய கறுப்பு வயரின் இரு நுனியிலும் சிவப்புக் குழல் மாட்டி, பெட்டிக்கு இனித் திறக்கக்கூடிய ஒரு மூடி போடப்பட்டது. எல்லா அறையிலும் மாறி இருந்திருந்தால் தவறு மெயின் சுவிச்சுக்கு முன்னால், மீற்றர் பக்கம் இருக்கலாம். அங்கே மின்சாரம் வழங்குபவர்களின் முத்திரை இருக்கிறது, அதை அவர்கள்தான் திறக்க வேண்டும்.

பழைய வயர் என்பதால் காப்பை அளக்கும் 500 வோல்ற் மெகர் கருவியால் வயர் உறையின் காப்பும் பார்க்கப்பட்டது. மின்குமிழ்களும் டிமரும் கழற்றியிருக்கும்போதுதான் அதைச் செய்யலாம்; இல்லாவிட்டால் சோதனையே டிமரைக் கொன்றுவிடும். 1 மெகாஓமுக்குக் கீழே வந்தால் டிமர் பேச்சை விட்டு வயரை மாற்ற வேண்டும். இங்கே தேறியது.

எதை வாங்குவது

முதலில் மின்குமிழ், பிறகு டிமர். கடையில் பெரும்பாலும் இதைத் தலைகீழாகத்தான் கேட்கிறார்கள். டிம் செய்யக்கூடியது என்று பெட்டியில் எழுதிய 7 வாற் மின்குமிழ் நான்கு எடுக்கப்பட்டது, ஒரே தயாரிப்பு, ஒரே மாதிரி; மொத்தம் 28 வாற். டிமர் பின்விளிம்பு வகை, பெட்டியில் ட்ரெய்லிங் எட்ஜ் என்று இருக்கும், எல்.ஈ.டிக்கு 5 முதல் 100 வாற். இது மொஸ்பெட் என்ற வேறொரு மின்னணுச் சுவிச்சால் வேலை செய்கிறது: பூச்சியத்தில் மெதுவாகத் திறந்து, அலையின் பின்பகுதியை வெட்டும். குத்து இல்லை, இரைச்சல் இல்லை, ட்ரயக்போல மின்னோட்டத்தைப் பிடித்து நிற்க வேண்டிய அவசியமும் இல்லை. பெட்டியில் ஆங்கில எழுத்துக்களாக ஆர், சி என்று இருந்தால் தடைச் சுமைக்கும் கொள்ளளவிச் சுமைக்கும் பொருந்தும் என்று அர்த்தம். ஆர், எல் என்றால் அது தடைக்கும் சுருளுக்கும் உரியது, எல்.ஈ.டிக்கு முதல் தெரிவு அல்ல.

நியூட்ரல் கேட்கும் டிமர்களும் இருக்கின்றன, ஸ்மார்ட் வகைகள் பல அப்படி. எங்கள் வீடுகளில் சுவிச்சுப் பெட்டிக்குள் லைனும் திரும்பும் வயரும் மட்டுமே இறங்கும். இரண்டு வயர் டிமர் என்று கேட்டு வாங்குங்கள். பக்கத்து பிளக்கின் நியூட்ரலையோ ஏர்த் வயரையோ இரவல் எடுத்துச் சமாளிப்பதை ஒருபோதும் செய்யக் கூடாது. வேறு சேர்கிட்டின் நியூட்ரலை எடுத்தால் ட்ரிப் விழலாம், ஏர்த்தை எடுத்தால் வீட்டில் இருக்கும் உலோகமெல்லாம் உயிர்பெறலாம்.

பலர் கேட்கும் கேள்வி, ஃபான் றெகுலேற்றரை லைற்றுக்குப் போடலாமா என்பது. படிப்படியாகத் திரும்பும் இப்போதைய றெகுலேற்றர்களுக்குள் கொள்ளளவிகள் இருக்கின்றன. அவை மோட்டரின் சுருளோடு சேர்ந்து வேலை செய்யக் கணக்கிட்டவை. எல்.ஈ.டியில் பூட்டினால் துடிக்கும், அல்லது மாற்றமே தெரியாது. மறுபக்கம், லைற் டிமரை ஃபானுக்குப் பூட்டினால் மோட்டர் இரைந்து சூடாகும். இரண்டும் வேண்டாம்.

பூட்டிய விதம்

மெயினை அணைத்து, வேறு யாரும் போடாமல் அதன்மேல் தாளொட்டினார்கள். ரெஸ்ரரை முதலில் உயிருள்ள இடத்தில் வைத்துப் பார்த்து, பிறகு வேலை செய்யும் இடத்தில், பிறகு மறுபடி உயிருள்ள இடத்தில். நடுவில் ரெஸ்ரர் பழுதாகியிருந்தால் இந்த மூன்றாவது பார்வைதான் உயிரைக் காப்பாற்றும். இந்தக் கட்டத்துக்குக் கைதேர்ந்த வயர்மன் ஒருவரை வைத்துக்கொள்வதே நல்லது.

பழைய பெட்டியின் ஆழம் 25 மில்லிமீற்றர். சுவிச்சுக்கு அது போதும், டிமருக்குப் போதாது. அழுத்தித் திருகினால் தட்டு வளைவதோடு வயர் பின்னால் நசுங்கும், வெப்பம் வெளியேறவும் இடமிருக்காது. 35 மில்லிமீற்றர் பெட்டிக்காகச் சுவரைக் கொஞ்சம் கொத்த வேண்டியிருந்தது. பழைய சுண்ணாம்புச் சாந்து சுத்தியலால் அடித்தால் பெரிய பாளமாகக் கழன்று வரும். உளியால் சிறிதுசிறிதாக எடுக்க வேண்டும். 86 மில்லிமீற்றர்ச் சதுரத் தட்டுக்குத் திருகுத் துளைகள் 60.3 மில்லிமீற்றர் இடைவெளியில் இருக்கும், பெட்டி நேராக நின்றால்தான் தட்டு கோணாது.

வயர் 1/1.13, ஒற்றைக் கம்பி, 1 சதுர மில்லிமீற்றர். உறை 8 மில்லிமீற்றர் மட்டும் உரிக்கப்பட்டது. கூடுதலாக உரித்தால் வெறுங்கம்பி முனைக்கு வெளியே நிற்கும், குறைவாக உரித்தால் திருகு உறையைப் பிடிக்கும். அது நாளடைவில் தளர்ந்து கருகும். லைன் டிமரின் லைன் முனையில், மின்குமிழுக்குப் போகும் வயர் மற்ற முனையில். இறுக்கிய பிறகு ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தார்கள். தட்டு உலோகம் என்பதால் ஏர்த் வயர் பெட்டியிலிருந்து தட்டுக்கும் இணைக்கப்பட்டது. இரண்டு இடத்திலிருந்து போட்டு அணைக்கும் சுவிச்சு என்றால், ஒரு பக்கம் மட்டும் டிமர், மற்றது பழைய இருவழிச் சுவிச்சாகவே இருக்க வேண்டும். இரண்டிலும் டிமர் பூட்டினால் ஒன்று மற்றதைக் குழப்பும்.

முதலில் முழு வெளிச்சத்தில் போட்டு, பிறகு கீழ் எல்லையைச் சரிசெய்தார்கள். குமிழை இழுத்தால் அதன் கீழே சிறு திருகு ஒன்று இருக்கும். குமிழைக் கடைசியில் வைத்து, நான்கும் துடிக்காமல் நிற்கும் இடம்வரை அதை உயர்த்த வேண்டும். அத்தோடு முடியவில்லை: அந்தக் கீழ்நிலையிலேயே அணைத்து, ஐந்து நிமிடம் விட்டு மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். எரிந்துகொண்டிருக்கும்போது தாங்கும் அளவு, அணைந்த நிலையிலிருந்து கிளம்பப் போதாமல் போகலாம். இங்கே ஒன்று கிளம்பவில்லை, திருகைக் கால் சுற்று உயர்த்தியதும் கிளம்பியது. அரை மணி நேரம் கழித்துத் தட்டில் கை வைத்தால் இளஞ்சூடு. கை வைக்க முடியாத சூடு என்றால் சுமை கூட, அல்லது ஒரு முனை தளர்வு.

கண்ணுக்கு இன்னொரு விசயம். அளவியில் வெளிச்சம் பத்தில் ஒன்றாகக் குறைந்தாலும் கண்ணுக்கு ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகத்தான் தெரியும். அதனால் இரவு வெளிச்சம் போதும் போதும் என்று நினைக்கும் இடத்தைவிட இன்னும் கொஞ்சம் கீழே இறக்கலாம். அம்மா படுத்திருக்கும் பக்கத்து மின்குமிழுக்கு மட்டும் பால்நிற மூடி போட்டதும் பெரிதும் உதவியது.

மிஞ்சிய தொல்லைகள்

கிணற்று மோட்டர் எழும்பும்போது கீழ்நிலையில் மின்குமிழ்கள் ஒரு தடவை கண்சிமிட்டுகின்றன. 1 குதிரைவலு மோட்டர் கிளம்பும் கணத்தில் ஓடும்போது எடுப்பதைவிட ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும், வோல்ற் விழும். முழு வெளிச்சத்தில் எல்.ஈ.டி அதைச் சமாளித்துவிடும். எல்லையின் விளிம்பில் நிற்கும்போது முடியாது. கீழ் எல்லையை இன்னும் கொஞ்சம் உயர்த்தியதும் பெருமளவு குறைந்தது. மோட்டர் லைற் வயரிங்கிலிருந்தே எடுத்திருந்தால், அதற்குத் தனி லைன் போடாமல் இதற்குத் தீர்வில்லை.

2022இல் பலமணி நேரம் கரண்ட் போன காலத்தில் வாங்கிய இன்வேர்ட்டர் இந்த வீட்டிலும் இருக்கிறது. சைன் அலை கொடுக்காத, படிக்கட்டு அலை இன்வேர்ட்டரில் டிமர் அலையின் பூச்சியத்தைச் சரியாகப் பிடிக்காது. இரையும், துடிக்கும், சில வேளை பழுதாகும். ஹோல் லைற் இன்வேர்ட்டர் வரிசையிலிருந்து பிரிக்கப்பட்டது. கரண்ட் போனால் விறாந்தை லைற் எரியும், ஹோலுக்கு அந்த வெளிச்சம் எட்டுகிறது.

இவ்வளவு வேலையும் எல்லா வீட்டுக்கும் தேவையில்லை. சுவிச்சை அணைத்துப் போட்டால் மூன்று படியில் வெளிச்சம் குறையும் எல்.ஈ.டி மின்குமிழ்கள் கிடைக்கின்றன, அவை சாதாரணச் சுவிச்சோடேயே வேலை செய்யும். இரவுக்கு மட்டும் என்றால் அரை வாற் இரவு மின்குமிழொன்று பிளக்கில் போதும். ஆனால் இரவில் எழும்பி மருந்து கொடுக்க, படுக்கை மாற்ற, ஒரே இடத்திலிருந்து வெளிச்சத்தை மெல்ல உயர்த்த வேண்டிய வீட்டில் டிமருக்கு ஈடு வேறில்லை. சட்டென்று முழு வெளிச்சம் அடித்தால் படுத்திருப்பவர் திடுக்கிட்டு எழும்புவார்.

மெயின் சுவிச்சுப் பெட்டியின் உட்கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: ஹோல் சுவிச் டிமர், பின்விளிம்பு வகை, 7 வாற் டிம் மின்குமிழ் மட்டும், மின்குமிழ் மாற்றும்போது மெயினை அணைக்கவும். அதே மாதிரி மின்குமிழ் ஒன்று மேலதிகமாக வாங்கி அலுமாரியில் வைத்திருக்கிறார்கள். வேறு தயாரிப்பு ஒன்றை நான்கோடு கலந்தால், கீழ்நிலையில் அது மட்டும் முதலில் அணையும் அல்லது மற்றவற்றைத் துடிக்க வைக்கும்.